வெயிலுக்கு ஆகாத எண்ணெய்

சிவகிரி,
4.8.2024

சங்கரேஸ்வரி அக்காவுக்கு,

மஞ்சு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். நான் இல்லை.

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நீ "ஏட்டி, கொஞ்சம் பொறு" என்று நடுவில் நுழைவாய், நான் கத்துவேன், அம்மா அழுவாள். கடிதத்தில் நீ நுழைய முடியாது. முழுவதையும் படித்தே ஆக வேண்டும்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். இசக்கிதுரை பட்டாளத்திலிருந்து லீவில் வந்ததே போட்டோ ஷூட்டுக்காகத்தான். எங்கெங்கிருந்தோ சினிமாக்காரர்கள் நம் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலுக்கு வருகிறார்கள், நாம் எடுக்கக் கூடாதா என்று கேட்டார். நானும் ஆசைப்பட்டேன். வருஷம் முழுவதும் சிவகிரி போலீஸ் ஸ்டேஷனில் காக்கிச் சட்டையோடு நிற்பவள் ஒருநாள் மஞ்சள் பட்டு கட்டிப் பூ நடுவே நிற்கலாம் என்று.

அன்று காலையில் குற்றாலத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "ஸ்பாவுல வாரவங்களுக்கெல்லாம் செய்யுதேன், எந் தங்கச்சிக்குச் செய்யாண்டாமா?" என்றாய். கன்னம், கழுத்து, தோள் என்று வாசனை எண்ணெய் தேய்த்துவிட்டாய். வீடே எலுமிச்சை மணம். அந்த மணத்தோடு உச்சி வெயிலில் வயலில் நின்றேன்.

மறுநாள் கழுத்து சிவந்தது. அதற்கடுத்த நாள் கொப்புளம். அடுப்பில் சுட்டது போல எரிச்சல். தென்காசியில் தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா பார்த்ததும், "எலுமிச்சை எண்ணெய் தடவிட்டு வெயில்ல நின்னீங்களா?" என்றார். அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. வாசனை எண்ணெய்ப் படிப்பைச் சான்றிதழோடு முடித்த உனக்குத் தெரியவில்லையா?

இப்போது கொப்புளம் அடங்கித் தோல் கறுக்கிறது. கழுத்தில் நான்கு பட்டைகள். கன்னத்தில் ஒன்று. கண்ணாடியில் பார்த்தபோதுதான் புரிந்தது, அவை உன் விரல்கள் ஓடிய தடம். யாரோ கழுத்தை நெரித்தது போல உன் விரல்கள் என்மேல் இருக்கின்றன.

என்ன எண்ணெய் அது? தெரிந்து தடவினாயா, தெரியாமலா? பதில் எழுது.

மஞ்சு


குற்றாலம்,
9.8.2024

அன்புள்ள மஞ்சுவுக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தைரியம் இல்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். கொப்புளம் மிச்சம் இருந்தால் கையால் உடைக்காதே. டாக்டர் கொடுத்த களிம்பு மட்டும் போடு. அம்மா மஞ்சளும் சந்தனமும் அரைத்துக்கொண்டு வருவாள், வேண்டாம் என்று சொல். தேங்காயெண்ணெய்கூட இப்போது வேண்டாம். வெளியே போகும்போது கழுத்தைப் பருத்தித் துணியால் மூடு, வெயில் படவே கூடாது. கறுப்பு மறையச் சில மாதங்கள் ஆகும். ஆனால் மறையும், அதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்த எண்ணெய் என் கையிலிருந்துதான் உன் மேல் பட்டது. தப்பு என்னுடையது. அதற்குமேல் எதுவும் கேட்காதே.

மாப்பிள்ளை வீட்டில் இருந்து யார் யார் வந்து பார்த்தார்கள்? என்ன சொன்னார்கள்? அதை மட்டும் எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா


சுந்தரபாண்டியபுரம்,
16.8.2024

அக்காவுக்கு,

அம்மா முட்டுவலி அப்படியே இருக்கிறது. அப்பா மாத்திரை போடுகிறார். விசாரிப்பு முடிந்தது.

ஸ்டேஷனில் ஒருவன் வந்து "தப்பு என்னுடையது, மேலே கேட்காதே" என்று சொன்னால் நாங்கள் நாற்காலி போட்டுக் கேட்போம். நான் கேட்டது இரண்டே கேள்வி. ஒன்றுக்கும் பதில் இல்லை. பதிலாக வைத்தியக் குறிப்பு எழுதியிருக்கிறாய். டாக்டருக்குக் காசு கொடுத்தாகிவிட்டது, நீ வகுப்பு எடுக்க வேண்டாம்.

யார் வந்தார்கள் என்று கேட்டாயே, எழுதுகிறேன். இசக்கிதுரையின் அம்மா, அவருடைய அக்கா, அக்கா புருஷன் விஜயசங்கர் மூவரும் வந்தார்கள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தானே? உன் முதலாளி, நீ அவர் ஸ்பாவில் வேலை பார்ப்பவள், அதனால் உன் தங்கையைத் தன் மச்சினனுக்குக் கேட்டார். அன்று வாய் ஓயாமல் பேசியவர் இன்று போனை நோண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைத் தூக்கிப் பார்த்தாள். மாட்டுச் சந்தையில் பார்ப்பது போல.

"இது எண்ணெ பட்டதுன்னு நீங்க சொல்லுதிய. தோலுல சீக்கு இருந்தா யாருக்குத் தெரியும்? பெரிய டாக்டருகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. கல்யாணத்தைத் தையில வச்சுக்கிடுவோம்."

அப்பா, "எம் மக போலீஸ்ல மெடிக்கல் பாஸாகித்தான் சேந்திருக்கா" என்றார். அதற்கு அந்த அம்மா சொன்னது இது: "புருஷனை விட்டுட்டு வந்தவ கையால கல்யாணப் பொண்ணுக்கு எண்ணெ தேச்சா வேற எப்படி இருக்கும்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அன்று எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மாட்டேன்.

நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? எந்த வாசனை எண்ணெயையும் அப்படியே தோலில் ஊற்றக் கூடாது, பாதாம் எண்ணெயில் கலக்க வேண்டும், முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பார்க்க வேண்டும், பச்சைப்பிள்ளை பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சட்டம் பேசுவாயே! சொந்தத் தங்கைக்கு மட்டும் சட்டம் கிடையாதா?

மஞ்சு


குத்துக்கல்வலசை,
5.9.2024

அன்புள்ள மஞ்சு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கக் குற்றாலநாதரை வேண்டிக்கொள்கிறேன். நான் இருக்கிறேன்.

உன் கடிதம் ஸ்பாவிலிருந்து கைமாறி வர நாளானது, அதனால் பதிலும் தாமதம். இனி ஸ்பா முகவரிக்குக் கடிதம் போடாதே. மேலே எழுதியிருக்கும் முகவரிக்குப் போடு. இங்கே ஒரு சிறிய அறை எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி.

இன்று உன் கல்யாண நாளாக இருந்திருக்க வேண்டியது. காலையிலிருந்து அது தவிர வேறு நினைப்பு இல்லை.

முதலாளி பேசாமல் உட்கார்ந்திருந்தாரா? அந்த அம்மா தோலில் சீக்கு என்று சொன்னபோதும் ஒன்றும் சொல்லவில்லையா? ஒருமுறைகூடவா?

இசக்கிதுரை உன்னிடம் நல்லபடி பேசுகிறாரா? தையில் கல்யாணம் என்பது உறுதிதானே? அது நடக்க வேண்டும் மஞ்சு. அவர்கள் கேட்கும் டாக்டர் சான்றிதழைக் கொடுத்துவிடு. வீம்பு பிடிக்காதே.

கை பற்றி அந்த அம்மா சொன்னதையும், உனக்கு அது சரியென்று பட்டதையும் படித்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்கா


சிவகிரி,
12.9.2024

அக்காவுக்கு,

அம்மா உன்னை விசாரித்தாள். நான் விசாரிக்கவில்லை.

ஏன் வீடு மாறினாய்? ஸ்பாவில் தங்குவதற்கு இடம் கொடுத்திருந்தார்களே? கேட்டால் சொல்ல மாட்டாய்.

இசக்கிதுரை நல்லபடிதான் பேசுகிறார். அவர் ஒருவர்தான் என் பக்கம். போனவாரம் போனில், "ஒங்கக்கா தெரியாமச் செஞ்சிருப்பாங்க, விட்டுரு மஞ்சு. கேஸு, கம்ப்ளைண்ட்டுன்னு எங்கயும் போயிராத, குடும்ப மானம் போயிரும்" என்றார். பார், நீ செய்ததற்குப் பிறகும் உன்னைக் காப்பாற்ற அவர்தான் நினைக்கிறார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு பெண் புகார் கொடுக்க வந்தாள். புருஷன் அடித்து முகம் வீங்கியிருந்தது. நான்தான் எழுதினேன். பேனாவை எடுக்கும்போது கழுத்தில் சுற்றியிருந்த துணி நழுவிவிட்டது. அவள் என் கழுத்தைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"ஒங்களுக்கும் இப்படித்தானாம்மா?"

இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரை உதைத்தேன். ஷூ போட்டிருந்ததால் கால் தப்பியது.

இதெல்லாம் உன்னால். என்ன எண்ணெய் என்று மட்டும் சொல்.

மஞ்சு


சிவகிரி,
8.10.2024

அக்காவுக்கு,

பதில் இல்லை. சரி.

அடுத்த ஓய்வு நாளில் நானே ஸ்பாவுக்கு வருகிறேன். அலமாரியில் இருக்கும் பாட்டில்களை நானே பார்த்துக்கொள்கிறேன். தைரியம் இருந்தால் அங்கே நில்.

மஞ்சு


சுந்தரபாண்டியபுரம்,
20.10.2024

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்கிறேன். இந்தமுறை பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நேற்று ஐந்தருவி ரோட்டில் இறங்கி ஸ்பாவுக்குப் போனேன். சீசன் முடிந்து ரோடே காலியாகக் கிடந்தது. உன்னை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். வரவேற்பில் இருந்த பெண் உன் பெயரைக் கேட்டதும் பின்னால் திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஜெயபிரியா வந்தாள். உன்னோடு வேலை பார்த்தவள், நம் வீட்டுக்கு ஒருமுறை கோயில் கொடைக்கு வந்தாளே, அவள்தான். என் கழுத்தைப் பார்த்ததும் என்னைத் தெரு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அக்கா இங்கன இல்லை. போன ரெண்டு மாசமா இல்லை. ஒனக்குச் சொல்லலியா?"

"எங்க போனா?"

"போகலை. தொரத்திட்டாரு."

பஸ் ஸ்டாப் நிழலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் வழக்கமாக வைத்திருப்பது ஆவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயாம், அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் ஒன்றும் ஆகாதாம். ஆடி பிறந்ததும் விஜயசங்கர் வேறு ஒரு கேன் வாங்கி வந்தாராம். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெய். மணம் தூக்கலாக இருக்கும், கஸ்டமருக்குப் பிடிக்கும் என்று. அதைப் பழைய பாட்டில்களில், பழைய லேபிளோடு, அவரே ஊற்றி வைத்தாராம்.

"அக்கா மோந்து பாத்துட்டு, 'அண்ணாச்சி, இது பச்சத் தோலு மாதிரி வாசம் வருதே, புது சரக்கா'ன்னு கேட்டா. 'அதே சரக்குதாம்மா, கம்பெனி மட்டும் வேற'ன்னுட்டாரு. கல்யாணப் பொண்ணுக்கு என் அன்பளிப்புன்னு ஒனக்குண்டான பாட்டிலை எடுத்துக் குடுத்ததே அவருதான்."

எனக்குக் கொப்புளம் என்று உனக்குத் தெரிந்த அன்றே நீ ஸ்டோர் ரூமைத் திறந்து கேனைப் பார்த்தாயாம். எல்லாப் பாட்டிலையும் வாஷ்பேசினில் கொட்டினாயாம். வரவேற்பில் கஸ்டமர்கள் உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் போட்டாயாம். ஜெயபிரியா சொல்லும்போது அவள் கண்ணில் பெருமை தெரிந்தது. உனக்குச் சத்தம் போடத் தெரியும் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

அப்படியானால் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டியவருக்கு எல்லாம் தெரியும். அவர் மாமியார் என் தாடையைத் தூக்கிச் சீக்கு என்றபோதும் தெரியும். உன்னைச் சொன்னபோதும் தெரியும்.

உனக்கும் தெரியும். மூன்று மாதமாக நான் உன்னைத் திட்டித் திட்டி எழுதினேன். நீ வாங்கி வாங்கி வைத்துக்கொண்டாய். எதற்கு? நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரி எழுதினால் உன் கை முறிந்துவிடுமா?

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இப்போதுதான் அதிகமாகியிருக்கிறது.

மஞ்சு


குத்துக்கல்வலசை,
25.10.2024

மஞ்சு,

சுகமில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன்.

உனக்கு மட்டும்தான் கோபம் வருமா? எனக்கு வராதா? இன்று எழுதுகிறேன், நீயும் முழுவதையும் படி.

பாட்டிலைக் கொட்டிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். போலீஸுக்குப் போவேன், என் தங்கையே போலீஸ்தான் என்றேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "போ. தாராளமாப் போ. பத்திரிகை அடிச்சாச்சு. என் பேரு கேஸுல வந்துச்சுன்னா எம் மச்சினன் ஒந் தங்கச்சி கழுத்துல தாலி கட்டுவானான்னு யோசிச்சிட்டுப் போ" என்றார். "நீயே கவனமில்லாமக் கலந்துட்டேன்னு சொல்லிரு. ஒனக்கென்ன, போறதுக்கு என்ன இருக்கு?"

எனக்குப் போவதற்கு ஒன்றும் இல்லையாம். கட்டியவன் குடித்துவிட்டு மிதித்தபோது வெளியே வந்தேனே, அன்றிலிருந்து எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் நம்பிவிட்டேன். எனக்குப் போகட்டும், உனக்கு நிற்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரமே சாமானைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்.

இன்னொன்று. உனக்கு வலிக்கும், ஆனாலும் எழுதுகிறேன். அந்த வாரமே இசக்கிதுரை எனக்குப் போன் செய்தார். "மதினி, அத்தான் எல்லாத்தையும் சொன்னாரு. நீங்க பேசாம இருந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

நீ "அவர் ஒருவர்தான் என் பக்கம்" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்துக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. எழுதினால் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

நான் அந்த எண்ணெயைப் பாதாம் எண்ணெயில் கலந்துதான் தடவினேன். வடித்த எண்ணெய்க்கு அந்த அளவு சரி. பிழிந்த எண்ணெய்க்கு அது பல மடங்கு அதிகம். அதைத் தடவினால் அன்று முழுக்க வெயிலில் தலை காட்டக் கூடாது. லேபிளில் அது இருந்திருந்தால் உன்மேல் ஒரு சொட்டுகூட வைத்திருக்க மாட்டேன். ஆனால் வாசம் மாறியது என் மூக்குக்குத் தெரிந்தது. கேட்டதோடு நின்றேன். தோண்டிக் கேட்கவில்லை. அதை யார் தலையிலும் நான் போடவில்லை.

கடைசியாக. புருஷனை விட்டு வந்தவள் கை என்று அந்த அம்மா சொன்னாள். பரவாயில்லை, அவள் யாரோ. நீ அது சரியென்று பட்டதாக எழுதினாய் பார், அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். நீ டைபாய்டில் கிடந்தபோது உன்னைக் குளிப்பாட்டிய கை இது. இதற்கு நீ பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் படி.

சங்கரேஸ்வரி


சுந்தரபாண்டியபுரம்,
4.11.2024

அக்கா,

படித்தேன். எழுதியிருக்கக் கூடாது. அதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் நானே எனக்குப் பரிந்து பேசுவது போல ஆகிவிடும்.

இசக்கிதுரையிடம் பேசினேன். வீடியோ கால். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"எண்ணெய் ஒங்க அத்தான் ஊத்தினதுன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பினார். யாரும் கூப்பிடவில்லை.

"மஞ்சு, அது வந்து... அக்கா வாழ்க்கையும் பாக்கணும்லா? அத்தான் உள்ள போயிட்டா எங்கக்கா என்ன செய்வா?"

"எங்கக்கா வேலை போச்சே, அது?"

"அவங்களுக்கு வேற வேலை வாங்கிக் குடுத்துருவோம்."

"ஒங்கம்மா எனக்குத் தோலுல சீக்குன்னு சொன்னப்ப?"

"அம்மாவுக்கு விஷயம் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொன்னியளா?"

எதிரே எல்லைக்கோடு இருந்தால் துப்பாக்கியோடு நிற்கிற மனுஷன். பெற்ற அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. "தையில எல்லாம் சரியாயிரும்" என்றார். "தையில ஒங்களுக்கு வேற பொண்ணு பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அழவில்லை என்று எழுத ஆசை, ஆனால் அழுதேன். எனக்கு அவரைப் பிடிக்கும் அக்கா. அதற்காகத்தான் அவ்வளவு ஆத்திரம்.

அப்பாவிடம் சொன்னேன். நிச்சயத்துக்கு அவர்கள் வீட்டில் கொடுத்த சேலையை எடுத்து மடித்து ஒரு பையில் போட்டார். "நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்" என்றார். அம்மா, "ஊரு என்ன சொல்லும்?" என்று தொடங்கினாள். அப்பா, "ஏ, மூத்தவளைப் பத்தி ஊரு சொன்னதைக் கேட்டுத்தான் இவ்வளவும்" என்றார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வருகிற திங்கட்கிழமை தென்காசி கலெக்டர் ஆபீஸில் மனுநாள். மருந்துக் கட்டுப்பாட்டுக்காரர்களும் வந்து உட்காருவார்கள். லேபிளை மாற்றி விற்றதற்கும் எனக்கு நேர்ந்ததற்கும் மனு கொடுக்கப் போகிறேன். ஜெயபிரியா வருகிறேன் என்றிருக்கிறாள். நீயும் வர வேண்டும். எனக்காக எதையும் தீர்மானிக்கும் வேலையை இத்தோடு விட்டுவிடு. நீ வராவிட்டாலும் நான் போவேன்.

மஞ்சு


குத்துக்கல்வலசை,
7.11.2024

மஞ்சுவுக்கு,

அப்பா அப்படிச் சொன்னாரா? இரண்டுமுறை படித்தேன்.

வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. மனுவில் என் பெயரையும் எழுது. சாட்சியாக இல்லை. எண்ணெயைத் தடவியவள் சங்கரேஸ்வரி, வாசம் மாறியது தெரிந்தும் சோதிக்காமல் தடவினாள் என்று எழுது. அது உண்மை. அதை விட்டுவிட்டு எழுதினால் நான் படியேற மாட்டேன்.

நீ கத்துவாய் என்று தெரியும். கத்து. இதை மறைத்தால் நாளைக்கு அவர் அதையே பிடித்துக்கொள்வார். என்னிடம் மறைப்பதற்கு ஏதாவது இருந்ததால்தானே அவரால் என்னை அவ்வளவு நாள் வாய்மூட வைக்க முடிந்தது?

ஜெயபிரியாவிடம் இன்னொன்றும் கேட்டுவை. ஆடி மாதம் புனலூரிலிருந்து வந்த ஒரு அம்மா, தோளில் கொப்புளத்தோடு திரும்பி வந்து கேட்டபோது "அருவித் தண்ணி ஒத்துக்கலை" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த அம்மா நம்பர் புக்கிங்கில் இருக்கும். அவளுக்கு யாரும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னமும் அருவித் தண்ணியைத்தான் திட்டிக்கொண்டிருப்பாள்.

மனுவில் வெறும் திட்டாக எழுதாதே. பிழிந்ததா வடித்ததா என்று ஒவ்வொரு பாட்டிலிலும் எழுத வேண்டும், எவ்வளவு கலக்க வேண்டும் என்று எழுத வேண்டும், தடவிய பிறகு வெயிலில் போகக் கூடாது என்று கண்ணில் படும்படி எழுத வேண்டும் என்று கேள். அந்த ரோட்டில் கலர் பாட்டில் விற்கிற எல்லாக் கடைக்கும் அது வேண்டும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத் தோலோடு நிற்கிறார்கள். எதைத் தேய்த்தாலும் தேய்த்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அக்கா


சுந்தரபாண்டியபுரம்,
18.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா முட்டுக்கு இப்போது தைலம் கேட்கிறாள். உன்னிடம் கேட்டுத்தான் தடவுவாளாம்.

நேற்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம், உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதை எழுதினால்தான் எனக்கு அடங்கும்.

மதியம் விஜயசங்கர் வீட்டுக்கு வந்தார். மருந்துக் கட்டுப்பாட்டுக்காரர்கள் ஸ்டோர் ரூமுக்குச் சீல் வைத்து, மாதிரி எடுத்துப் போனதில் ஆள் இறங்கிப்போயிருக்கிறார். புனலூர் அம்மாவும் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அப்பா உட்காரச் சொல்லவில்லை. நான் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையோடு நின்றேன்.

"ஏம்மா, நோட்டீஸ் எனக்கு மட்டுமா வந்திருக்கு? ஒங்கக்கா பேரும்லா மாட்டிருக்கு" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ சர்டிபிகேட்டே போயிரும். பாவம், அவளுக்கு வேற என்ன தொழில் தெரியும்? நீ வாபஸ் வாங்கிட்டா அவ தப்பிச்சிருவா. நான் அவளுக்காகத்தான் சொல்லுதேன்."

"எங்கக்கா பேரை மனுவுல எழுதுனது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாரு?"

"அவதான். மொதப் பேரா என் பேரை எழுது, இல்லைன்னா வரமாட்டேன்னா. எங்க ரெண்டு பேருக்கும் அதுலதான் சண்டை. ஒங்க பேரு அதுக்கு அடுத்துதான் அண்ணாச்சி வருது."

அவர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கி, தெருவில் நின்று சரிபண்ணிக்கொண்டு போனார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். "மூத்தவ ஞாயித்துக்கெழமை வருவாளா?" என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார்.

நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டும். உன் சர்டிபிகேட்டை நிறுத்தி வைத்தால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியாது. எதுவானாலும் சேர்ந்து எழுதுவோம். உன் தப்பை நீ கூட்டி எழுதுவாய், அதனால் நான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

என்னிடம் கேட்காமல் என் கல்யாணத்துக்காக நீ வாய்மூடிக் கிடந்ததற்கு எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் எழுதியது உனக்கும் ஆறியிருக்காது. அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வா. அம்மா கோழி வாங்கச் சொல்லியிருக்கிறாள்.

உன் தங்கை,
மஞ்சு